கால் ஆணியும் கருவேல முள்ளும்

சில நோய்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. சர்க்கரை என்றால் எதிரே இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். நெஞ்சுவலி என்றால் வீட்டுக்கே வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போகிறார். கால் ஆணி என்று சொல்லிப் பாருங்கள். ஒருவரும் வருத்தப்பட மாட்டார்கள். "அட, அதுக்கு ஒரு மருந்து இருக்கு" என்று உற்சாகமாகிவிடுவார்கள். என் அனுபவத்தில் கால் ஆணிக்கு மருந்து தெரியாத மனிதரை ராஜபாளையத்தில் நான் சந்தித்ததில்லை. அவ்வளவு பேருக்கு மருந்து தெரிந்தும் ஊரில் எப்படி அத்தனை கால் ஆணிகள் இருந்தன என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என் வலது காலுக்கு ஒன்றரை மாதம் மிச்சமாகியிருக்கும்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறு பிறந்திருந்த சமயம். வேதியியலில் ஒரு பட்டம் வாங்கி, நான்கு பரீட்சைகள் எழுதி, நான்கிலும் என்னைத் தவிர மற்றவர்களுக்கு வேலை கிடைத்துவிட்ட நிலையில், ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். ஒரு வருடம் பயிற்சி. வருடக் கடைசியில் ஸ்பின்னிங் மாஸ்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் மறுநாளிலிருந்து வர வேண்டாம். மில்லில் நூற்பு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் எஜமான். எனக்கு முந்தைய வருடம் சேர்ந்த மூன்று பேரில் இரண்டு பேரை அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் மில் முழுக்கப் பிரசித்தம்: "நடக்க மாட்டேங்கானுவ."

சூப்பர்வைசர் என்றால் அவருக்குக் கால்தான். டிபார்ட்மென்டுக்குள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் வெறுங்காலோடு. எங்கள் மில்லில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. பஞ்சும் எண்ணெயும் ஒட்டி வழுக்கும் என்று ஒரு காரணம் சொல்வார்கள். மாஸ்டரின் காரணம் வேறு. "மிஷினோட ஒடம்பு நம்ம காதுக்குத் தெரியாதுய்யா, உள்ளங்காலுக்குத்தான் தெரியும்" என்பார். சிமெண்டுத் தரையில் கண்ணை மூடி நின்று, மூன்று மிஷின் தள்ளி ஒரு பேரிங் கெட்டுப்போயிருப்பதைச் சொல்லிவிடுவார். நானும் கண்ணை மூடி நின்று பார்த்திருக்கிறேன். தூக்கம் வந்தது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா போய் நான்கு வருடமாகியிருந்தது. அம்மா ஏற்கெனவே தெருவில் எல்லோரிடமும் "மகன் மில்லுல ஆபீசர்" என்று சொல்லி முடித்துவிட்டார். செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே பால் காய்ச்சிய கதை. அந்தக் கையெழுத்து விழாவிட்டால் நான் வேறு ஊருக்குக் குடிபோக வேண்டும், அல்லது அம்மா வேறு தெருவுக்குப் போக வேண்டும்.

இப்படியாக பத்து மாதம் நன்றாக நடந்தேன். பதினோராம் மாதம், வலது உள்ளங்காலில் விரல்களுக்குக் கொஞ்சம் கீழே, ஏதோ கல்லை மிதித்தது போல இருந்தது. குனிந்து தட்டிவிட்டேன். கல் போகவில்லை. இரண்டாம் நாளும் தட்டினேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். மிளகு அளவுக்கு, மஞ்சளாக, நடுவில் ஒரு கண்ணோடு அது என்னைப் பார்த்தது.

அம்மா பார்த்த உடனே "ஆணி" என்றார். "உள்ள வேர் விட்டிருக்கும். வேரக் கருக்கணும்."

ஆக முதல் வைத்தியம் வேருக்கு. வாய்க்கால் ஓரத்தில் அம்மான் பச்சரிசி என்று ஒரு சின்னச் செடி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். கிள்ளினால் பால் வரும். அந்தப் பாலைக் காலையும் மாலையும் ஆணியின் மேல் வைக்க வேண்டும். படுக்கப்போகும்போது மருதாணியும் மஞ்சளும் வசம்பும் அரைத்து வைத்துக் கட்ட வேண்டும். ஒரு வாரம் செய்தோம். என் உள்ளங்கால் கல்யாணப் பெண்ணின் உள்ளங்கால் போலச் சிவந்தது. ஆணி அந்தச் சிவப்புக்கு நடுவில் பொட்டு வைத்தது போல இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தறிகள் பலவற்றில் நெய்வது வேட்டியும் சேலையும் அல்ல, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணி. நாட்டில் எங்கே யாருக்கு மண்டை உடைந்தாலும் அதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு இருந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியே தறி போட்டிருந்தார்கள். விளிம்பு சரியில்லாத துணியைச் சுருட்டாகக் கொடுப்பார்கள். அதில் இட்லித் தட்டுக்குப் போடுவோம், மோர் வடிகட்டுவோம், ஜன்னலில் கொசுவுக்குக் கட்டுவோம். ஆகவே காயம் என்று ஒன்று வந்துவிட்டால் எங்களுக்குக் கை நிற்காது. மற்ற ஊரில் சுண்ணாம்பு தடவி விட்டுவிடுகிற காயத்துக்கு நாங்கள் ஒரு முழம் சுற்றுவோம். என் காலில் சுற்றியதைப் பார்த்தால் லாரி ஏறிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மாஸ்டர் மறுநாளே பார்த்துவிட்டார். ரிங் பிரேம் பகுதியில், அதாவது இழையை முறுக்கிக் கண்டில் சுற்றுகிற நீள நீளமான மிஷின்கள் நிற்கும் இடத்தில், அந்த இரைச்சலுக்கு மேலே என் காதுக்குள் கத்தினார்.

"என்னய்யா கால்ல?"

ஆணி என்று சொன்னால் நடக்க முடியாதவன் என்று ஆகிவிடும். அது ஒரு நிலைமை. முள் என்றால் விபத்து. இன்று இருக்கும், நாளை போய்விடும்.

"முள்ளு சார்!"

"என்ன முள்ளு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"கருவேல முள்ளு சார்!"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். "இன்னுமா அந்த முள்ளு?" என்றார். "உள்ள ஒடிஞ்சிருச்சு சார்" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லும்போது அது முதல் பொய்யைவிட எளிதாக வருகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வைத்தியம் மில் வாசலில். வேப்பமரத்தடியில் நாற்காலியும் கண்ணாடியும் வைத்து முடிவெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். ஷிப்ட் முடிந்து போகிறவர்களுக்கு ஆணியும் செதுக்கிவிடுவார். தலைக்கு ஒரு பிளேடு, காலுக்கு ஒரு பிளேடு என்று தனித்தனியாக வைத்திருப்பதாகச் சொல்வார். என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். ஆனால் கால் விஷயத்தில் பேராசிரியர்.

"காலக் காட்டுனா டிபார்ட்மென்ட்ட சொல்லிருவேன் சார். கோன் வைண்டிங்காரனுக்குக் குதிகால்ல வரும். நின்ன எடத்துலயே நிக்கான்லா. கார்டிங்காரனுக்குப் பெருவிரலுக்கு அடியில வரும். பஞ்சு டப்பாவத் தள்ளித் தள்ளி ஊனுதான். ரிங் பிரேம்காரனுக்கு நடுவிரலுக்குக் கீழ. சந்துல போயி திரும்புதான், போயி திரும்புதான், திரும்பயில அந்த எடத்துலதான் ஒடம்பு நிக்கும்."

என் காலைத் தன் தொடை மேல் வைத்து, கட்டைப் பிரிக்கச் சற்று நேரம் செலவழித்து, உற்றுப் பார்த்தார்.

"ஒங்களுது என்ன சார் நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மத்தியில கெடக்கு? எந்த டிபார்ட்மென்டுலயும் சேத்தி இல்லையே. இன்னும் வேலை முடிவாகலையோ?"

"இன்னும் ஆறு வாரம் இருக்கு."

"அதான். ஆணியும் எங்க போய் உக்காரன்னு தெரியாம நிக்கி."

தோலைச் சீவி எடுத்தார். வெங்காயம் உரித்தது போல வந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்றால் வலி போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நான்கு நாள் பறந்தேன். ஐந்தாம் நாள் ஆணி திரும்பி வந்தது. வெளியூர் போய்விட்டு வந்தவனைப் போல, கொஞ்சம் பெருத்திருந்தது.

நான் படித்தவன். அதுவரை அந்த உண்மையைப் பயன்படுத்தாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த மருத்துவப் புத்தகத்தையும், அதைவிடத் தடித்த கலைக்களஞ்சியத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். மிகவும் பயனுள்ள செய்திகள் கிடைத்தன. பழைய ரோமானியர்களும் இதை ஆணி என்றுதான் சொன்னார்களாம். நம்முடைய அம்மாமார்களும் அவர்களும் சொல்லிவைத்துக்கொண்டது போல ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கொம்பு என்றார்கள். லண்டன் தெருக்களில் ஆணி வெட்டுகிறவர்கள், நம் ஊரில் ஈயம் பூசுகிறவர்கள் போல, கூவிக்கொண்டே போவார்களாம். இடுக்கிக்குள் மெல்லிய கத்தியை மடக்கி வைத்திருப்பார்களாம். வெட்டி எடுத்ததும் கைக்குள் மறைத்து வைத்திருந்த முள்ளைக் காட்டி, இதோ வேர் என்று சொல்லி ஏமாற்றியவர்களும் உண்டாம். அதைப் படித்தபோது அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முள்ளைக் காட்டி ஏமாற்றுகிற விஷயத்தில் நானும் அவர்கள் கட்சிதான்.

எல்லாம் படித்து முடித்து எழுந்தபோது காலைத் தவிர வேறெங்கும் சந்தேகம் இல்லை.

படிப்பு கொடுத்த தெம்பில் மருந்துக் கடைக்குப் போய் ஆணி பிளாஸ்திரி கேட்டேன். சின்னச் சதுரப் பிளாஸ்திரி. நடுவில் பொட்டு அளவு மருந்து. அந்த மருந்தைச் சுற்றிக் கனமான பஞ்சு வளையம் ஒன்று. மருந்து என்ன அமிலம் என்பது எனக்குத் தெரியும். பட்டம் வாங்கியது அதற்காகத்தானே. தோலைக் கரைக்கும். சரி. வளையம் எதற்கு? மருந்து வழிந்துவிடாமல் இருக்க வரப்பு கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அது காலடியில் துருத்திக்கொண்டு நின்றது. பிளேடால் வளையத்தைச் சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, மருந்தை மட்டும் ஒட்டி, அதன் மேல் வழக்கமான கட்டுத்துணியை நாலாக மடித்து வைத்துக் கட்டினேன். தாளில் அச்சிட்டிருந்ததை இங்கிலீஷில் முழுக்கப் படித்துவிட்டுத்தான் இதைச் செய்தேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

கால் வீங்கியது.

நாலு வாரம் மிச்சம். அம்மா இனி தானே முடிவெடுப்பதாகச் சொல்லி, வார விடுமுறை அன்று என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற்றினார். அங்கே ஒரு மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டு, வெள்ளிக் கால் வாங்கி உண்டியலில் சேர்ப்பதாக நேர்ந்திருந்தாராம். உடம்பில் எங்கே நோவோ அந்த உறுப்பைத் தகட்டில் செய்து போடுவது வழக்கம். கோயிலுக்கு வெளியே ஒரு கடையில் கண்கள், கைகள், வயிறு, குழந்தை எல்லாம் வரிசையாகத் தொங்கின. எந்த ஆஸ்பத்திரியிலும் இவ்வளவு பிரிவுகள் பார்த்ததில்லை.

"கால் ஒண்ணு குடுங்கய்யா" என்றார் அம்மா.

"வலதா எடதா?"

"வலது."

கடைக்காரர் கொத்தாகக் கோத்திருந்ததைப் புரட்டிப் பார்த்தார். "வலது தீந்து போச்சும்மா. எடதுதான் கெடக்கு. இந்த வருசம் வலது காலுக்கு நல்ல ஓட்டம்."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "எடதப் போட்டா அந்தக் காலச் சொகமாக்கி விட்டுட்டா? அதுதான் நல்லாருக்கே."

"ஏம்மா, தகடுதான? குப்புறத் திருப்பிப் போடுங்க. வலது ஆயிரும்."

திருப்பினார். ஆகிவிட்டது. விரல்கள் கொஞ்சம் குழிந்து தெரிந்தன. அம்மா உண்டியல் முன்னால் நின்று, தகடு குப்புற விழும்படி கவனமாகச் சாய்த்துப் பிடித்துப் போட்டார். உள்ளே போனபின் அது எந்தப் பக்கம் புரண்டது என்று எங்களுக்குத் தெரியாது. வெயிலில் கல் தளத்தில் நான் ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் பிரகாரம் சுற்றினேன். அம்மனுக்கு எந்தக் கால் என்று விளங்கியிருக்கும்.

"சாமிகிட்டச் சொல்லியாச்சு. இங்ஙனதான ஒரு டாக்டரு இருக்காராம், அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருவோம்" என்றார் அம்மா. யாரையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

டாக்டர் காலைப் பார்த்தார். அம்மா முந்திக்கொண்டார்.

"வேரோட எடுத்துருவீங்களா சார்?"

"வேரும் கெடையாது விழுதும் கெடையாதும்மா. ஒரே எடத்துல அமுக்கம் விழுது. தோலு தன்னக் காப்பாத்திக்கிடக் கெட்டியாகுது. கெட்டியானது உள்ள குத்துது. அம்புட்டுத்தான்." என்னைப் பார்த்தார். "தம்பி எங்க வேலை?"

சொன்னேன்.

"வெட்டி எடுத்துரலாம். ஆனா ரெண்டு வாரத்துக்கு அந்தக் கால ஊனக்கூடாது. லீவு குடுப்பாங்களா?"

டிரெய்னிக்கு லீவு கிடையாது. எடுத்தால் பயிற்சி முறிந்ததாகக் கணக்கு. அதைவிட, இரண்டு வாரம் நடக்காதவனை மாஸ்டர் எந்தத் தாளிலும் சேர்க்க மாட்டார்.

"அப்ப வெட்ட வேண்டாம். அந்த எடத்துல அமுக்கம் படாமப் பாத்துக்கோங்க. அதான் மருந்து" என்று எங்களை அனுப்பிவிட்டார். ஒரு மாத்திரைகூட எழுதிக் கொடுக்கவில்லை என்று அம்மாவுக்கு அவர்மேல் குறை. பஸ்ஸில் வரும்போது "டாக்டர்னு பேரு" என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்கோ அந்த வார்த்தை பளிச்சென்று இருந்தது. அமுக்கம் படக்கூடாது. இத்தனை நாள் யாரும் சொல்லாத அறிவியல். அமுக்கம் படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? மெத்தை வைக்க வேண்டும். மெத்தைக்குத் துணி வேண்டும். துணிக்கு எங்கள் தெருவில் பஞ்சமா? தறி வீட்டில் புதுச் சுருட்டு ஒன்று வாங்கி வந்து, எட்டாக மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, ஆணிக்கு நேரே கெட்டியாக வைத்துக் கட்டினேன். வலித்தது. மெத்தை போதவில்லை என்று இன்னும் இரண்டு மடிப்பு சேர்த்தேன். இன்னும் வலித்தது. இன்னும் சேர்த்தேன். கட்டுத்துணி நெய்கிற ஊர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு பிடிவாதமாக ஒரு தப்பைச் செய்ய வசதி இருந்திருக்காது.

இதற்குள் மில்லில் நான் நடப்பதையே விட்டிருந்தேன். கருவேல முள்ளுக்கு ஒரு மாதமாகப் போகிறது. பதினாலாம் நம்பர் பிரேமின் தலைமாட்டில் ஒரு இரும்புத் தூண் இருந்தது. அதில் தோளைச் சாய்த்து, எடையை இடது காலில் போட்டு, கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக நின்றுகொள்வேன். எதையோ தீவிரமாகக் கவனிக்கிறவன் போல இருக்கும். முகத்தில் வலி தெரியும்போது அது கண்டிப்பு போல இருந்திருக்க வேண்டும். ஷிப்ட் தொடங்கி முடிகிற வரைக்கும் அந்தத் தூண்தான். மாஸ்டர் தூரத்தில் வந்தால் மட்டும் நாலடி நடந்து காட்டிவிட்டு மீண்டும் தூணுக்கு வருவேன்.

பதினாலாம் நம்பரில் சைடராக இருந்தவர் செட்டியார்பட்டியிலிருந்து வரும் ஒரு அக்கா. ஓடுகிற பிரேமில் இழை அறுந்தால் உடனே ஒட்டிவிடுகிறவர்களுக்குச் சைடர் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். பகல் ஷிப்டில் பெண்களை ரிங் பிரேமுக்குச் சேர்க்க ஆரம்பித்த காலத்தில் முதலில் வந்தவர்களில் ஒருவர். நான் தூணுக்குக் குடிவந்து மூன்று வாரமான பிறகு, ஒரு நாள் டீ நேரத்தில் வெளியே சுவரோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீயள்ல?"

"கேளுங்கக்கா."

"கால்ல இருக்கது முள்ளு இல்ல. ஆணி. சரிதான?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர்ட்ட நான் ஏன் சொல்லப்போறேன்? கட்ட அவுத்துக் காட்டுங்க."

அவிழ்த்தேன். அது வந்துகொண்டே இருந்தது. அக்கா முதலில் சிரிப்பை அடக்கினார். பிறகு அடக்கவில்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"எம்புட்டுத் துணி! ஏட்டி, இங்க பாரு. இதுல ஒரு புள்ளைக்குத் தொட்டில் கட்டலாம்."

"டாக்டர் அமுக்கம் படக்கூடாதுன்னு சொன்னாரு."

"அவரு சரியாத்தான சொல்லியிருக்காரு. அமுக்கம் படக்கூடாதுன்னா, சரியா நோவுத எடத்துல கொண்டு போயி எதுக்கு இம்புட்டையும் திணிச்சு வச்சிருக்கீய? நீங்க மிதிக்க மிதிக்க அது ஆணிய உள்ளல்ல தள்ளும்?"

நான் அவிழ்த்த துணியைச் சுருட்டத் தொடங்கினேன். அக்கா விடவில்லை.

"கொடத்தத் தலையில எப்படி வைக்கோம்? நடுமண்டையில நேரா வச்சா மண்டை இருக்குமா? சும்மாடு வச்சுல்ல தூக்குதோம். சும்மாடு எப்படி இருக்கும்? சுத்தி இருக்கும், நடுவுல ஒண்ணும் இருக்காது. பாரம் எல்லாம் சுத்தியே எறங்கிரும். நடுமண்டைக்குத் தெரியவே தெரியாது. பி.எஸ்ஸில இதெல்லாம் வராதோ?"

பேசிக்கொண்டே அந்தத் துணியில் ஒரு சாண் கிழித்துத் திரித்தார். இழையை ஒட்டி ஒட்டிப் பழகிய விரல்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு ஒரு வளையம் செய்து, முனையைச் செருகி, ஆணி நடுவில் வரும்படி வைத்து, மேலே ஒரே சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். "நடங்க."

நடந்தேன். மிதித்த இடத்தில் ஆணி இருந்தது, ஆனால் தரை அதற்கு எட்டவில்லை. உள்ளே போய்ப் பதினாலாம் நம்பரிலிருந்து ஒன்றாம் நம்பர் வரை நடந்து திரும்பினேன். திரும்புகிற இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். தேவையே இருக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பிளாஸ்திரியின் பஞ்சு வளையம் ஞாபகத்துக்கு வந்தது. வரப்பு என்று வெட்டி எறிந்தேனே, மருந்து அதுதான். நடுவில் இருந்தது சும்மா கூட வந்தது.

பிற்பாடு, தொண்ணூறுகளின் கடைசியில், மருந்துக் கடைகளில் ரப்பர் போன்ற ஒன்றில் செய்த வழவழப்பான வளையங்கள் பளபளக்கும் உறையில் தொங்க ஆரம்பித்தன. உறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கால் சிரித்த முகத்தோடு இருந்தது. கால் எப்படிச் சிரிக்கும் என்று கேட்காதீர்கள், அந்த உறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், இது செட்டியார்பட்டி சரக்கு என்று கடைக்காரரிடம் சொல்ல வாய் வரும்.

வளையம் கட்டி எட்டு நாள் ஆனது. ஆணியின் கண் மங்கத் தொடங்கியிருந்தது. பயிற்சி முடிய ஐந்து நாள் இருக்கையில் மாஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை. உள்ளே போனதும் இரைச்சல் குறைந்துவிடும். அந்த அமைதியில்தான் முந்தைய வருடம் இரண்டு பேருக்குச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். மேசையில் அந்தத் தாள் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு.

"பதினாலாம் நம்பர்ல என்னய்யா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல சார்." இது அந்த மாதத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை.

"ஒண்ணும் செய்யாமலா? ஒரு மாசமா அந்த பிரேம்ல அறுப்பே இல்ல. பக்கத்துல ரெண்டுலயும் பாதியாக் கொறஞ்சிருக்கு." நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஒட்டாமல் அறுந்து கிடந்த இழைகளின் எண்ணிக்கையை ஷிப்ட் ஷிப்டாக எழுதியிருந்தது. "மத்தப் பயலுவ சைக்கிள் டயர் கணக்கா சுத்திக்கிட்டே இருக்கானுவ. ஒருத்தனாவது நின்னு பாக்கானா? நீ ஒருத்தன்தான் நின்ன. நானும் தூரத்துல இருந்து பாத்தேன். அந்தத் தூண விட்டு நவுரலயே."

நான் சும்மா இருந்திருக்கலாம். பேனா மூடி திறந்துதான் இருந்தது. ஆனால் அந்த ஒன்றரை மாதத்தில் பொய்யும் கட்டுத்துணியைப் போல மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து மிதிக்க முடியாத இடத்துக்கு வந்திருந்தது.

"சார், நான் கவனிக்கணும்னு நிக்கல. நடக்க முடியல, அதான் நின்னேன். அது முள்ளு இல்ல சார். ஆணி."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கருவேல முள்ளு ஒன்றரை மாசம் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதாய்யா? காலக் காட்டு."

நாற்காலிமேல் காலை வைத்தேன். கட்டை விலக்கி, குனிந்து, வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பேரிங் பார்க்கிறவரின் முகம்.

"யாரு கட்டுனது?"

"பதினாலாம் நம்பர் அக்கா சார்."

"ம்."

நிமிர்ந்து, தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நின்றதற்கா, நின்ற காரணத்தைச் சொன்னதற்கா என்று கேட்க நான் துணியவில்லை. தாளை என்னிடம் நீட்டிய பிறகும் அவர் மேசைக்கு அடியில் தன் இடது காலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாதிரி ஒண்ணு…" என்று ஆரம்பித்தவர், "சரி, போ, ஷிப்டப் பாரு" என்று முடித்துவிட்டார்.

நேரே பதினாலாம் நம்பருக்குப் போனேன். அக்காவின் காதருகே கத்தினேன்.

"அக்கா, பெர்மனென்ட் ஆயிருச்சு!"

"ரொம்பச் சந்தோசம் சார்!" இழையை விட்டுக் கையை எடுக்கவில்லை. அறுந்த ஒன்றை ஒட்டிவிட்டுத் திரும்பினார். "பொறவு? இனிமே இங்ஙன நிக்க மாட்டீயள்ல?"

"ஏங்க்கா?"

"ஏன்னா கேக்கீய? ஒரு மாசமா நவுந்தீயளா நீங்க? ஒரு வாய் வெத்தல போட முடியல. அடுத்த பிரேம்காரிகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. ஒத்த இழை அறுந்தா, மூஞ்சியச் சுளிச்சு என்னமா ஒரு பார்வை பாக்கீய! நீங்க பாக்கதுக்குள்ள ஒட்டணுமேன்னு ஓடி ஓடி, எனக்கு ஆணி வந்துரும் போல ஆயிருச்சு. முடியாமத்தான் சாமிக்கு நேந்துக்கிட்டேன், இந்த மனுசனுக்குக் கால் நல்லாயி அங்குட்டுப் போகட்டும்னு. சாமியும் செத்த நேரம் ஆவட்டும்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. பொறவுதான் நானே சும்மாடு திரிச்சேன்."

மாஸ்டரின் நோட்டில் இருந்த எண்களுக்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தாளில் இருந்தது என் பெயர். உழைப்பு இவருடையது.

"நேந்தத முடிக்கணும்லா" என்றார் அக்கா. "ஞாயித்துக்கெழம வில்லிபுத்தூர் போறேன். வெள்ளிக் கால் வாங்கிப் போடணும். எந்தக் காலு சார், வலதா எடதா?"

வலது என்று சொன்னேன். கடையில் வலது தீர்ந்திருக்கும், இடதை வாங்கிக் குப்புறப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, நகருங்கள் என்று கையைக் காட்டினார். நான் தூணை விட்டு நடந்தேன்.